மனநலக் கேள்வி பதில்: சி.பி.டி.க்கு யாரிடம் போவது?

காவிரிக் கரை ஊர்களிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. டாக்டர் சீட்டில் 'சி.பி.டி.' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மெடிக்கலில் நீட்டினால் இது மருந்து இல்லை என்கிறார்கள். அப்படியானால் எங்கே கிடைக்கும்? சி.பி.டி. என்பது மாத்திரை அல்ல, பேச்சும் பயிற்சியுமாக நடக்கும் ஒரு மனநலச் சிகிச்சை. அதனால் இந்தப் பக்கம் முழுவதும் அதற்கே. கேட்டவர்களின் பெயரை வெளியிடவில்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களையும் மாற்றியிருக்கிறோம்.

"கடைவீதியில் நிற்கும்போது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிர் போய்விடும் போல் இருக்கிறது. ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். 'இது பேனிக், சி.பி.டி. எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார் டாக்டர். எங்கள் தெருவிலேயே ஒரு கவுன்சிலிங் சென்டர் இருக்கிறது. அங்கே போனால் போதுமா?"
*வாசகி, கும்பகோணம்*

வாசலில் உள்ள போர்டைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நம் ஊரில் இன்ஜினியரிங் சீட்டு எடுப்பதும் கவுன்சிலிங், புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்ப்பதும் கவுன்சிலிங். சி.பி.டி. என்கிற சிந்தனை நடத்தைச் சிகிச்சை அந்தக் கூட்டத்தில் ஒரு தனி வகை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் மனச்சோர்வுக்காக உருவாக்கிய முறை இது. பிறகு பதற்றம், பேனிக் என்கிற திடீர்ப் பீதி, ஓ.சி.டி. (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதற்காக ஒன்றையே மீண்டும் மீண்டும் செய்யவைக்கிற நோய்), தூக்கமின்மை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழிமுறைகள் வந்தன. பேனிக்குக்குச் செய்வது வேறு, ஓ.சி.டி.க்குச் செய்வது வேறு. ஆகவே 'சி.பி.டி. தெரியுமா?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'என் பிரச்சினைக்கான சி.பி.டி. தெரியுமா?' என்று கேட்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நடப்பது இதுதான். வெயிலிலோ கூட்டத்திலோ நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. 'ஐயோ, ஹார்ட் அட்டாக்' என்று மனசு சொல்கிறது. பயத்தில் இன்னும் வேகமாக அடிக்கிறது. வீட்டுக்கு ஓடிவந்ததும் அடங்குகிறது. ஓடிவந்ததால்தான் பிழைத்தோம் என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த வாரம் தண்ணீர் பாட்டில் இல்லாமல் கிளம்ப முடியவில்லை, அதற்கடுத்த வாரம் துணைக்கு ஆள் இல்லாமல் முடியவில்லை. சி.பி.டி. தெரிந்தவர் இந்த வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டுவார். ஒன்று, படபடப்பை அறையிலேயே வேண்டுமென்று வரவழைப்பார்: ஒரு நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொல்வார், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொல்வார், மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வார். நெஞ்சு அடிப்பதால் ஒன்றும் ஆகிவிடாது என்று உடம்பே கற்றுக்கொள்வதற்காக. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் இதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, பாட்டிலும் துணையும் இல்லாமல் கடைவீதிக்குப் படிப்படியாகப் போகவைப்பது.

'மூச்சை இழுத்து விடுங்கள், நல்லதையே நினையுங்கள்' என்பதோடு ஒருவர் நிறுத்திக்கொண்டால், அது ஆறுதல். ஆறுதலுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் உங்கள் சீட்டில் டாக்டர் எழுதியது அதை அல்ல.

இனி ஆள். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். மாத்திரை எழுதுவது அவர் வேலை. சி.பி.டி.யும் தெரிந்திருக்கலாம், ஆனால் நிரம்பி வழியும் ஓ.பி.யில் ஒருவருக்கு ஐம்பது நிமிடம் ஒதுக்க அவரால் முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் முதுகலைக்குப் பிறகு நோயாளிகளோடு இரண்டு ஆண்டுப் பயிற்சி உள்ள எம்.ஃபில். அல்லது அதற்கு இணையான படிப்பை முடித்து, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் குழுமம் அது. பதிவு எண்ணைத் தாராளமாகக் கேட்கலாம், கேட்டால் கோபப்பட ஒன்றும் இல்லை. ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பெயரைத் தேடிச் சரிபார்த்துக்கொள்ளவும் முடியும். 'டாக்டர்' என்ற முன்னொட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அது பிஎச்.டி.யாகவும் இருக்கலாம், அதுவும் வேறு பாடத்தில்.

எம்.எஸ்சி. சைக்காலஜி, எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலை படித்தவர்களிலும் சி.பி.டி.யை ஒழுங்காகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருக்காரரும் அப்படி இருக்கலாம். அவரிடம் கேட்க வேண்டியவை: சி.பி.டி. பயிற்சி யாரிடம், எத்தனை மாதம்? அதில் நோயாளிகளை நேரில் பார்த்தீர்களா? இப்போதும் மூத்தவர் ஒருவரிடம் கேஸ்களைக் கலந்து பேசுகிறீர்களா? மூன்று நாள் ஆன்லைன் சர்டிபிகேட் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பாருங்கள்.

நேரில் போகும் முன் போனிலேயே கேளுங்கள்: 'பேனிக்குக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?' 'படபடப்பை இங்கேயே வரவழைத்துப் பழக்குவோம், பிறகு நீங்கள் தவிர்க்கும் இடங்களுக்குப் போவோம், வாராவாரம் வீட்டில் செய்ய வேலை இருக்கும், பத்துப் பன்னிரண்டு முறை தேவைப்படலாம், நடுவில் ஒரு தடவை கணக்குப் பார்ப்போம்' என்கிற மாதிரி பதில் வந்தால் ஆள் சரி. 'வாங்க, எல்லாம் பேசிக்கலாம்' என்றால் தெரியாது என்று அர்த்தம் கொள்ளலாம். 'நூறு சதவீத கேரண்டி' என்றால் போனை வைத்துவிடலாம்.

தேடும் இடத்தைப் பொறுத்தவரை, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். காலையில் ஓ.பி. சீட்டு எடுத்து மருத்துவரைப் பார்த்து, 'பேனிக்குக்கு சி.பி.டி. வேண்டும், இங்கே சைக்காலஜிஸ்ட் எந்தக் கிழமை இருப்பார்?' என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். கூட்டம் அப்படி. அங்கே வரிசை நீளமாக இருந்தால், தனியாகப் பார்ப்பவர்கள் யார் என்று அந்த மருத்துவரிடமே விசாரியுங்கள். திருச்சியில் ஆட்கள் கொஞ்சம் அதிகம்.

"அம்மாவுக்கு 57 வயது. தீட்டு, தீட்டு என்று கை கழுவியே தோல் உரிந்துவிட்டது. ஒரு நாளைக்கு நான்கு முறை குளியல். கவுன்சிலர் ஒருவரிடம் எட்டு முறை அழைத்துப்போனோம். பொறுமையாகக் கேட்டார், தைரியம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பழையபடி. ஆள் சரியில்லையா, சிகிச்சை சரியில்லையா?"
*வாசகர், மன்னார்குடி*

ஆள் நல்லவர்தான் போலிருக்கிறது, சிகிச்சைதான் இதற்கு உரியது அல்ல. ஓ.சி.டி.க்கு தைரியம் சொல்வது எரிகிற அடுப்பில் விறகு வைக்கிற மாதிரி. 'ஒன்றும் ஆகாது, சுத்தம்தான்' என்ற வார்த்தை கொஞ்ச நேரம்தான் தாங்கும், பிறகு மறுபடி கேட்கத் தோன்றும். ஓ.சி.டி.க்கான சி.பி.டி.க்கு ஈ.ஆர்.பி. என்று பெயர்: பயப்படுகிற பொருளைத் தொடவைப்பது, தொட்டபின் கழுவாமல் இருக்கவைப்பது. இரண்டாம் பாதி இல்லாமல் முதல் பாதியால் பலன் இல்லை. புதிதாகப் பார்க்கப்போகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: 'ஈ.ஆர்.பி. செய்வீர்களா?'

நம் பக்கத்தில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆசாரம் எது, நோய் எது? வரப்போகும் சிகிச்சையாளருக்கு இது புரிய வேண்டும். எளிய அளவுகோல், அதே தெருவில் அதே ஆசாரம் பார்க்கும் மற்ற பெண்கள். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் அவர்களும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். ஒரு முறை குளித்தால் அவர்களுக்குத் திருப்தி. உங்கள் அம்மாவுக்கு நான்காவது குளியலுக்குப் பிறகும் சந்தேகம் நிற்கிறது. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போகிறது என்றால் அதை ஆசாரம் என்று சொல்லித் தள்ள முடியாது. சுடுகாட்டுக்கு அழைத்துப்போய்க் குளிக்காமல் இருக்கச் சொல்கிற சிகிச்சையாளர் வேண்டாம், அது தேவையே இல்லை. 'இதெல்லாம் மூடநம்பிக்கை' என்று முதல் நாளே பிரசங்கம் செய்கிறவரும் வேண்டாம். பரிகாரம் சொல்கிறவர் அறவே வேண்டாம்.

சரியானவர் முதல் இரண்டு மூன்று அமர்வுகளில் அம்மாவோடு உட்கார்ந்து ஓர் ஏணி போடுவார், ஒவ்வொரு படிக்கும் பயத்தை நூற்றுக்கு எத்தனை என்று அம்மாவையே சொல்லச் சொல்வார். உதாரணமாக இப்படி இருக்கலாம். வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருப்பது, 25. தபாலில் வந்த கவரைப் பிரித்து மடியில் வைத்துக்கொள்வது, 40. டவுன் பஸ் கம்பியைப் பிடித்துவிட்டு வந்து அதே புடவையோடு கூடத்தில் உட்காருவது, 60. காய்கறி வண்டிக்காரர் தந்த சில்லறையை அடுக்களை மேடையில் வைப்பது, 75. சில்லறையைத் தொட்ட கையால் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து தாளிப்பது, 90. கீழ்ப்படியிலிருந்து தொடங்கி, ஒரே படியைத் தினமும் செய்ய வேண்டும். பயம் ஏறி, கழுவாமலே தானாக இறங்குகிற வரை கூட இருக்க வேண்டும். அதற்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ஆகவே இருபது நிமிட அப்பாயின்ட்மென்ட் தருகிறவரிடம் ஈ.ஆர்.பி. நடக்காது. 60 முதல் 90 நிமிடம் வேண்டும், முதல் சில வாரம் வாரத்துக்கு இரண்டு முறை கிடைத்தால் நல்லது.

கெட்டுப்போவது எங்கே? ஆர்வக்கோளாறில் 90-இல் தொடங்குவது. அம்மா பயந்து மறுபடி வரவே மாட்டார். அடுத்தது, அறையில் தொட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கொல்லைக் குழாயடியில் ரகசியமாகக் கழுவிக்கொள்வது. மூன்றாவது நீங்கள்தான். ஒவ்வொரு முறையும் 'சுத்தம்தாம்மா' என்று சொல்வது, அம்மாவுக்காக நீங்களும் கால் கழுவிவிட்டு உள்ளே வருவது, சோப்பு வாங்கிக் குவிப்பது. வீட்டாரை ஒரு முறையாவது கூப்பிட்டு உட்காரவைக்காத சிகிச்சையாளர் பாதி வேலையை விட்டுவிடுகிறார். அம்மா அடுத்த முறை கேட்கும்போது, 'இதுக்கு பதில் சொல்ல மாட்டேன்னு நாம சேர்ந்துதானேம்மா முடிவு பண்ணினோம்' என்று பிரியமாகச் சொல்லப் பழகவேண்டும். அம்மாவிடம் முன்கூட்டிப் பேசாமல் இதைத் திடீரென்று ஆரம்பித்தால் வீடு ரணகளம் ஆகிவிடும்.

தொடக்கத்தில் ஓ.சி.டி.யின் கடுமையை அளக்கும் ஒய்-பாக்ஸ் என்ற அளவுகோலில் மதிப்பெண் எடுக்கச் சொல்லுங்கள். அது 0 முதல் 40 வரை. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்தால் சிகிச்சை பிடிக்கிறது என்று பொருள். இந்த அளவு தோல் உரிந்திருப்பதால் மனநல மருத்துவரையும் சேர்த்தே பாருங்கள். ஓ.சி.டி.க்கான மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரியவே எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

"தம்பியைக் குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கவைக்கப் பெரியவர்கள் சொல்கிறார்கள். சி.பி.டி.யும் அதுவும் ஒன்றாகச் செய்யலாமா?"
*வாசகி, லால்குடி*

மனநோய் தீர வேண்டித் தங்கும் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்குவதற்கும் சிகிச்சைக்கும் பகை இல்லை. மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் அங்கும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. சி.பி.டி. தொடங்கிவிட்டிருந்தால் சிகிச்சையாளரிடம் சொல்லி, அந்த நாட்களுக்கு என்ன பயிற்சி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தம்பிக்குக் காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் போன்றவை இருந்தால் முதலில் மனநல மருத்துவர், மருந்து. சி.பி.டி. அதற்கு அடுத்துத்தான்.

"கணவர் விவசாயி. இரண்டு போகம் சரியாக வரவில்லை. நான்கு மாதமாகப் படுக்கையை விட்டு எழுவதில்லை, யாரோடும் பேச்சில்லை. தஞ்சாவூர் போய்வர ஒரு நாள் போய்விடும். அவருக்குப் படிப்பும் குறைவு. நோட்டில் எழுதும் சிகிச்சை அவருக்கு ஒத்துவருமா?"
*வாசகி, திருத்துறைப்பூண்டிக்கு அருகில்*

முதலில் வேறொன்று. வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள், இல்லை பூட்டிச் சாவியை உறவுக்காரர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். 'சாகணும்னு தோணுதா?' என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 'ஆமாம்' என்றால் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனை. 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.

உங்களுக்குத் தஞ்சாவூரை விடத் திருவாரூர் மருத்துவக் கல்லூரி பக்கம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் கிழமையை விசாரித்தால் போதும். இலவசம்தான். தனியாரிடம் போவதானால் ஒரு முறைக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கட்டணம், பஸ் செலவு, இருவருக்கும் போகிற அன்றைய கூலி மூன்றையும் கூட்டி, பன்னிரண்டு முறை போவதாக வைத்துப் பன்னிரண்டால் பெருக்குங்கள். அந்தத் தொகை கட்டாது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான்காவது முறையில் பணம் இல்லாமல் நின்றுபோவதுதான் மோசம். முதல் ஆறு வாரம் வாராவாரம், பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ள நல்ல சிகிச்சையாளர் ஒத்துக்கொள்வார். நடவு, அறுப்புத் தேதிகளையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எழுத்து ஒரு தடையே இல்லை. இந்த அளவு சோர்வுக்கு சி.பி.டி.யில் முதலில் செய்வது எண்ணத்தை அலசுவது அல்ல, ஆளை எழுப்பி நடமாடவிடுவது. காலை ஆறு மணிக்கு வாய்க்கால் மதகு வரை போய் வருவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, சாயங்காலம் டீக்கடையில் பத்து நிமிடம். மனசு வந்தால் செய்வேன் என்று காத்திருக்கக் கூடாது, மணி அடித்தால் செய்ய வேண்டும், மனசு பின்னால் வரும். செய்ததற்குத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கோடு போட்டால் போதும், அல்லது சிகிச்சையாளருக்குப் போனில் வாய்ஸ் மெசேஜ். 'அறுபது பக்க நோட்டில் உணர்வுகளை எழுதி வாருங்கள்' என்று இவரிடம் சொல்கிறவர் எதிரே இருப்பவரைப் பார்க்கவில்லை.

வீடியோ வழியாகவும் செய்யலாம். முதல் முறை நேரில் பார்த்துவிட்டு மற்றதை போனில் வைத்துக்கொள்வது வசதி. சிக்னல் நிலையாக உள்ள, மற்றவர் காதில் விழாத இடம், இயர்போன், ஐம்பது நிமிடம். தொடங்கும்போதே 'இப்போது எங்கே இருக்கிறீர்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்?' என்று கேட்கிறவரா என்று பாருங்கள். கேட்காதவர் தொலைவிலிருந்து வேலை செய்யத் தயாராகவில்லை.

"எனக்கு 20 வயது. பெண் சிகிச்சையாளர்தான் வேண்டும். இந்த ஊரில் யாரிடம் போனாலும் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். வீட்டில் சொல்லிவிடுவார்களா?"
*கல்லூரி மாணவி, பட்டுக்கோட்டை*

நீங்கள் மேஜர். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உங்கள் உயிருக்கோ மற்றவருக்கோ ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைமைகள் மட்டுமே விலக்கு. எதையெல்லாம் யாரிடம் சொல்ல வேண்டிவரும் என்று முதல் அமர்விலேயே அவர் தானாகச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். பெண்தான் வேண்டும் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம், அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிடலாம். அப்பாவின் நண்பரோ உறவினரோ என்றால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள், பக்கத்து ஊர் அல்லது வீடியோ போதும். 'எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண், என்ன ஆட்கள்?' என்று சாதியைத் தேடுகிற விசாரணை தொடங்கினால், எழுந்து வந்துவிடலாம்.

"ஆறு முறை போய்விட்டேன். ஆளை மாற்றலாமா? எப்படிச் சொல்வது?"
*வாசகர், மயிலாடுதுறை*

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. முதல் நாள் பி.எச்.க்யூ-9 அல்லது ஜி.ஏ.டி-7 படிவம் நிரப்பினீர்களா? முதலாவது மனச்சோர்வுக்கு, 27 வரை. இரண்டாவது பதற்றத்துக்கு, 21 வரை. தமிழிலும் உண்டு. இன்று மறுபடி நிரப்புங்கள். பி.எச்.க்யூ-9இல் 5 புள்ளி குறைந்திருந்தால் மனசுக்குத் தெரியாவிட்டாலும் ஏதோ நடக்கிறது, தொடருங்கள். படிவமே தரப்படவில்லை, வீட்டுப் பயிற்சி இல்லை, ஒவ்வொரு முறையும் 'அப்புறம், இந்த வாரம் எப்படி?' என்று தொடங்கி அதிலேயே முடிகிறது என்றால் நடப்பது சி.பி.டி. இல்லை.

உங்கள் பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள். பயிற்சி கொடுத்து, ஆறு வாரத்தில் இரண்டு நாள்தான் செய்தீர்கள் என்றால் ஆளை மாற்றினாலும் அதே கதைதான். அதற்குப் பயிற்சியைச் சின்னதாக்கச் சொல்ல வேண்டும். சிகிச்சை கஷ்டமாக இருப்பது, பயப்படுகிற இடத்துக்குப் போகச் சொல்வது, இவை மாற்றக் காரணம் இல்லை. திட்டுவது, கேலி செய்வது, தன் கதையைப் பேசுவது, மதப் பிரசங்கம், தொடுவது, இவை உடனே நிறுத்தக் காரணம்.

சொல்லும் விதம் எளிது: 'சார், ஆறு முறை வந்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. திட்டத்தை மாற்றலாமா, இல்லை வேறு யாரிடமாவது அனுப்புவீர்களா?' தொழில் தெரிந்தவர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். கிளம்பும்போது இதுவரை என்ன கண்டறிந்தார்கள், என்ன செய்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவரிடம் முதல் இரண்டு அமர்வு பழைய கதையைச் சொல்வதிலேயே போய்விடும்.

"சி.பி.டி. தொடங்கிவிட்டதால் இரவில் போடும் தூக்க மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் சைக்காலஜிஸ்ட். நிறுத்தலாமா?"
*வாசகர், நாகப்பட்டினம்*

கூடாது. மாத்திரை பற்றி முடிவு சொல்வது சைக்காலஜிஸ்ட் வேலை அல்ல. குளோனசெபாம், அல்ப்ரசோலாம் வகை என்றால் திடீரென்று நிறுத்தும்போது கடும் பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரே சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். தூக்கமின்மைக்கான சி.பி.டி. நான்கு முதல் எட்டு அமர்வில் முடிகிற ஒன்று. அது நடந்துகொண்டிருக்கும்போதே மருத்துவர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வரலாம். இருவரையும் போனில் ஒரு தடவை பேசவையுங்கள். பேச மறுக்கிறவர் எவரோ, அவரை மாற்றுங்கள்.